கையில் குறைந்த கனம் தோளில் ஏறும்

கேள்வி: அண்ணே, வணக்கம். எனக்கு 38 வயது, செங்காங்கில் இருக்கிறேன். மனைவியின் தம்பி நியூசிலாந்தில் ஹாமில்டன் பக்கம் குடியேறி ஒன்பது வருடமாகிறது. அங்கே துப்பாக்கி உரிமம் எடுத்து வருடா வருடம் மான் வேட்டைக்குப் போகிறான். வரும் ஏப்ரலில் என்னையும் கைமனாவா மலைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் பேரில் ஒரு புது ரைபிள், பாதிப் பணம் என்னுடையது, நான் போகும்போது நானும் சுடுவது என்று பேச்சு. ஐந்து நாள் மலையேற்றம் என்பதால் இருப்பதிலேயே இலேசான ஒன்றைத் தேடிப் பிடித்தேன்: எடை 2.4 கிலோ, போடுவது .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டா. தூக்கச் சுலபம், தூரத்திலிருந்தும் அடிக்கலாம். மச்சானோ, "வேணாம் அத்தான், என்கிட்ட இருக்கிற பழைய .308 தோட்டா ரைபிள் மாதிரி ஒண்ணு போதும்" என்கிறான். அது 4 கிலோ! தேசிய சேவையில் நான் மார்க்ஸ்மேன் பேட்ஜ் வாங்கியவன். உதைக்குப் பயந்தவன் இல்லை. வாக்குவாதம் கேட்டு அலுத்துப்போன என் மனைவிதான் உங்களுக்கு எழுதச் சொன்னாள். யார் பக்கம் நியாயம்?

பதில்: தம்பி, தங்கச்சி நல்ல காரியம் செய்தார். கடைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் எழுதினீர்களே, அதுவே பெரிசு. பணம் கட்டிய பிறகு எழுதுகிறவர்கள்தான் எனக்கு அதிகம்.

முதலில் எடைக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்திவிடுவோம். நீங்கள் சொல்லும் 2.4 கிலோ, கம்பெனிக்காரன் விளம்பரத்தில் போடுகிற வெறும் எடை. மச்சானுடைய 4 கிலோ, ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி, தோள்வார், தோட்டா எல்லாம் சேர்ந்த எடை. பெட்டியைக் காலியாக எடை போட்டுவிட்டு விமானம் ஏறுவது மாதிரி இது. உங்கள் ரைபிளிலும் ஸ்கோப் 400 கிராம், அதைப் பிடித்து நிறுத்தும் வளையங்கள் 100, தோள்வார் 100, நான்கு தோட்டா இன்னொரு 100 கிராமுக்குச் சற்று மேல். எல்லாம் ஏறினால் 3.1 கிலோ. ஆக உங்கள் இருவருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் 1.6 கிலோ கிடையாது, 900 கிராம்தான்.

அந்த 900 கிராமை நான் அலட்சியம் செய்யவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், பாசி வழுக்குகிற ஓடைக்கரையில் ஒரு கையால் வேரைப் பிடித்து ஏறும்போது மற்றக் கையில் இருப்பது கால் கிலோ கூடினாலும் தெரியும். கைமனாவாவின் உச்சிகள் 1,700 மீட்டரைத் தொடுகின்றன. நம் புக்கிட் தீமா 163 மீட்டர். இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. கனமான ரைபிளை மனிதன் கொஞ்ச நேரத்தில் முதுகுப்பையில் கட்டிவிடுவான். மான் எதிரே நிற்கும்போது வாரை அவிழ்த்துக்கொண்டிருப்பான். இலேசானது கையிலேயே இருக்கும். இலேசான துப்பாக்கியின் பெரிய லாபம் என் கணக்கில் இதுதான். முதுகுவலி குறைவதெல்லாம் அடுத்தது.

இனி விலை. நான் சொல்வது காசை இல்லை.

தேசிய சேவையில் நீங்கள் சுட்ட எஸ்ஏஆர் 21 ரைபிள் காலியாகவே 3.82 கிலோ. அதன் 5.56 தோட்டா மூன்றரை, நான்கு கிராம் குண்டைத்தான் தள்ளுகிறது. உங்கள் தோளுக்கு வந்த உதை 5 ஜூலைக்கூடத் தொட்டிருக்காது. கன்னத்தை ஒட்டிவைத்து நாள் முழுக்கச் சுட்டாலும் சாயங்காலம் கோப்பிக் கடையில் கையைத் தூக்கி ஆர்டர் சொல்ல முடிந்தது அதனால்தான். நீங்கள் கேட்கும் .300 மேக்னமோ கிட்டத்தட்ட 12 கிராம் குண்டை விநாடிக்கு 900 மீட்டருக்கும் மேலான வேகத்தில் தள்ளுவது. அதற்காக எரியும் மருந்தே நாலரை கிராமுக்கு மேல். எரிந்த வாயுவும் குழலின் வாயிலிருந்து ராக்கெட் மாதிரி சீறிக்கொண்டு போகும். இவ்வளவையும் 3.1 கிலோ ரைபிளிலிருந்து அனுப்பினால் தோளுக்குத் திரும்பி வருவது ஏறக்குறைய 50 ஜூல். பேட்ஜ் வாங்கிய நாளில் பட்ட உதையைப் போல் பத்து மடங்கு. உதைக்குப் பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இன்னும் உதையே வாங்கவில்லை தம்பி.

இது ஏன் இப்படி என்பதற்குச் சாங்கி முனைப் படகுத்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். உபின் தீவுக்குப் போகும் பம்போட்டிலிருந்து கரைக்குத் தாவினால் படகு அசைந்ததா என்றே தெரியாது. அதே தாவலைச் சின்னச் சம்பானிலிருந்து தாவிப் பாருங்கள், சம்பான் பின்னால் ஓடிவிடும், நீங்கள் தண்ணீரில் இருப்பீர்கள். தாவிய வேகம் ஒன்றுதான். தோட்டாதான் தாவுகிறவன், ரைபிள்தான் படகு, படகின் மறுமுனையில் இருப்பது உங்கள் தோள். மச்சானுடைய .308ஐ இதே கணக்கில் போட்டால் 4 கிலோவுக்குச் சுமார் 18 ஜூல் வருகிறது. அந்த .308ஐயே 2.7 கிலோவாக இளைக்க வைத்தால் 27 ஜூல். எடையில் மூன்றில் ஒரு பங்கு போனது, உதை ஒன்றரை மடங்கானது. இந்த விகிதம் எந்தக் கம்பெனி செய்தாலும், எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்தாலும் மாறாது.

வலியைத் தாங்கிக்கொள்வேன் என்பீர்கள். தாங்குவீர்கள், ஆண்பிள்ளைகள் எல்லாரும் தாங்குவார்கள். ஆனால் உங்கள் கண்ணிமை உங்களைக் கேட்டுக்கொண்டு மூடுவதில்லை. நான் ராணுவத்தில் ஆயுதம் பழுதுபார்க்கும் வேலையில் 26 வருடம் இருந்தேன். அதன் பிறகு சுடுபயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டுச் சுடுதளம் ஒன்றில் உங்களைப் போலவே ஒரு தம்பி, நல்ல உடம்பு, புத்தம் புதிய இலேசான மேக்னம். முதல் மூன்று குண்டு நன்றாக விழுந்தன. பிறகு ஒன்று மேலே, ஒன்று இடப்பக்கம் கீழே. ஸ்கோப்பில் கோளாறு என்றார். நான் ஒன்றும் பேசாமல், அவருக்குத் தெரியாமல் மருந்தில்லாத பொய்த் தோட்டா ஒன்றை நடுவில் சேர்த்துக் கொடுத்தேன். விசையை இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். வெடிக்காத அந்த ரைபிளின் மூக்கு நாலு விரல்கடை கீழே குத்திக்கொண்டு போனது; தோள் முன்னால் பாய்ந்தது; இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். ஸ்கோப்பைப் பற்றி அதன் பிறகு பேச்சில்லை.

அந்த முன்பாய்ச்சல் ஒருமுறை உடம்பில் குடியேறினால் வெளியேற்ற மாதக்கணக்கில் ஆகும். சின்னத் தோட்டாவுக்கு இறங்கி, பொய்யும் மெய்யும் கலந்து, அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வருடத்துக்கு ஐந்து நாள் மட்டும் ரைபிளைத் தொடப்போகும் உங்களுக்கு அதற்கு ஏது நேரம்?

இது போக, இலேசான மேக்னத்தில் ஸ்கோப் கடிப்பது ஒன்று இருக்கிறது. மேட்டை நோக்கிப் படுத்துச் சுடும்போது கண் ஸ்கோப்புக்கு நெருங்கிவிடும். ரைபிள் பின்னால் வரும்போது அதன் விளிம்பு புருவத்தில் பிறை நிலா மாதிரி வெட்டிவிடும். வேட்டைக்காரர்களின் புருவங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

அடுத்தது, பிடித்து நிற்பது. போட்டிகளில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு ஓர் எடை விதி இருக்கிறது: 5.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் விதி போடவில்லை. தடுக்காவிட்டால் ஆளாளுக்குக் கனத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள் என்பதால் உச்சவரம்பு மட்டும்தான். உதையே இல்லாத காற்றுத் துப்பாக்கிக்கு ஏன் கனம்? நெஞ்சு துடிக்கும் ஒவ்வொரு துடிப்பும், மூச்சும், விசையை இழுக்கும் விரலின் கோணலும் ரைபிளை ஆட்டப் பார்க்கின்றன. கனமானது அசைய மறுக்கும். இலேசானது அத்தனைக்கும் தலையாட்டும். மேடேறி மூச்சு வாங்கியபடி ஸ்கோப்பில் பாருங்கள், குறுக்குக் கோடுகள் உங்கள் நாடித்துடிப்புக்குத் தாளம் போடும்.

விசையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டரை கிலோ ரைபிளின் விசையை இழுக்க இரண்டு கிலோ பலம் வேண்டியிருந்தால், இழுக்கிற இழுப்பே அதைத் திருப்பிவிடும். ஒரு கிலோவுக்குச் சற்று மேலான இழுப்பில் சட்டென்று விடுபடும்படி மச்சானை ஒரு துப்பாக்கிக் கம்மியரிடம் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவு குறைவு, பலன் அதிகம்.

குண்டு குழலுக்குள் ஓடும் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியிலேயே ரைபிள் பின்னால் நகர ஆரம்பித்துவிடும். 2.7 கிலோ .308 என்றால், குண்டு வாயை விட்டு வெளியேறும் முன்பே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வந்திருக்கும். அந்த இரண்டு மில்லிமீட்டரும் எப்படி நகர்கிறது என்பதை நீங்கள் பிடித்த பிடிதான் தீர்மானிக்கும். ஒரு தடவை மூட்டையில் சாய்த்து, ஒரு தடவை முழங்காலில் ஊன்றி, ஒரு தடவை மரத்தில் அழுத்திச் சுட்டால் மூன்றும் மூன்று இடத்தில் விழும். 4 கிலோ ரைபிள் இந்தத் தவறுகளைப் பெருமளவு மன்னித்துவிடும்.

நான் இதைப் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. கைமனாவாவிலேயே, என் இரண்டாவது பயணத்தில், நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய இலேசான ரைபிள். பீச் மரக்காட்டில் நூறு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஒரு சிக்கா பெண்மான் பக்கவாட்டில் நின்றது. சுலபமான குறி. நான் பள்ளத்திலிருந்து அப்போதுதான் ஏறி வந்திருந்தேன். ரைபிளை ஒரு மரத்தண்டில் பக்கவாட்டில் அழுத்தினேன், குழலே மரத்தில் பட்டது. சத்தம் கேட்டது, மான் முதுகை வளைத்துத் துள்ளியது, போய்விட்டது. நின்ற இடத்தில் ரத்தம் இருந்தது, ஆனால் கருத்த ரத்தம், பச்சை நிறத்தில் ஏதோ கலந்திருந்தது. வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தொடர்ந்தோம். காய்ந்த இலையில் கடுகளவு சொட்டு, பிறகு பத்தடிக்கு ஒன்றும் இல்லை, பிறகு ஒரு புல்லின் முனையில் ஒரு துளி. மாலை ஐந்து மணிக்கு ஓடைக்கரையில் படுத்திருந்தது, தலை நிமிர்ந்துதான் இருந்தது. முடித்து வைத்தோம். அன்றைக்கு இரவு யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. வீட்டில் என் மனைவியிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடமாயிற்று.

ரைபிள்மேல் பழி போடவில்லை. அதே இடத்தில் கனமான ரைபிளாக இருந்திருந்தால் என் அவசரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அவசரத்தில் தப்புவது புதிதும் இல்லை. 1902இல் ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் பதுங்கிய புலியைச் சுட்டவர் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் தலைமையாசிரியர் பிலிப்ஸ். கைக்கெட்டும் தூரம் என்றே சொல்லலாம். அவருக்கும் முதலில் சில குண்டுகள் தப்பத்தான் செய்தன.

சரி, மச்சான் பக்கம்தான் தீர்ப்பா என்றால், முழுக்க இல்லை. முதல் தடவை மலை ஏறுகிறவனுக்கு 4 கிலோ கொஞ்சம் அதிகம்தான். எல்லாம் சேர்த்து 3.3லிருந்து 3.5 கிலோவுக்குள் முடிகிற மாதிரி ஒன்றைத் தேடுங்கள் என்பேன். எங்கே குறைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

குழலில் கைவைக்கவே வேண்டாம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஸ்கோப். இருட்டில் யானையையும் எண்ணலாம் என்று விற்கிற 56 மில்லிமீட்டர் வாய் கொண்ட பெரிய ஸ்கோப்புகள் ஒரு கிலோவை எட்டும். மரக்காட்டு மானுக்கு 2.5லிருந்து 8 மடங்கு காட்டுகிற சின்ன ஸ்கோப் தாராளம். எடை 350 கிராம் சுற்றி வரும். ஒரே இடத்தில் அரை கிலோ மிச்சம், அதுவும் ரைபிளின் தலைக்கு மேலிருந்து போவதால் நிற்பது இன்னும் நன்றாக இருக்கும். அடுத்தது தோளில் ஊன்றும் கட்டை. வால்நட் மரக்கட்டை ஒரு கிலோவுக்கு வரும். நல்ல கார்பன் இழைக் கட்டை அதில் பாதிதான், மழையில் ஊறி வளையவும் செய்யாது. 1980களில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் இந்த வழியில்தான் போனார்: கெவ்லாரும் கார்பனும் கலந்த விறைப்பான கட்டை, தோட்டாவை ஏற்றிப் பூட்டும் எந்திரமும் அந்தத் தோட்டாவின் நீளத்துக்கு அளவெடுத்தது. குழலைத் துண்டிக்காமலே வெறும் எடை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே வந்துவிட்டது. இன்றைக்கு விற்கிற இலேசான ரைபிள்கள் பலவும் அவருக்குக் கடன்பட்டவைதான்.

மெல்லிய குழலைப் பற்றி ஊரில் நிறையப் பயமுறுத்துவார்கள், "மூணு குண்டில் சூடாகிக் குறி ஓடிவிடும்" என்று. வேட்டையில் யார் மூன்றுக்கு மேல் சுடுகிறார்கள்? குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் விழுகிறதா என்பதைப் பார்த்தால் போதும். மெல்லிய குழல் வம்பு பண்ணுவது ஸ்கோப்பைச் சரிபார்க்கிற நாளில்தான். நம் ஊர்க்காரர்களுக்குப் பொறுமை கிடையாது, பத்து நிமிடத்தில் இருபது குண்டு சுட்டுவிட்டு எங்கெங்கோ திருகுவார்கள். மூன்று சுடுங்கள், குழலைக் கையால் பிடித்துப் பாருங்கள், சூடு பொறுக்கும் வரைக்கும் தேநீர் குடியுங்கள். குழல் குட்டையாவதில் இழப்பு பெரிதல்ல, அங்குலத்துக்கு விநாடிக்கு 7, 8 மீட்டர் வேகம் குறையும். மானுக்கு அது தெரியாது.

அதைவிட, நியூசிலாந்தில் ஒரு வசதி இருக்கிறது. சைலன்சர் அங்கே சட்டப்படி சரி. மான் வேட்டைக்காரர்கள் கையில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். 300, 400 கிராம் எடை ஏறும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள், இந்த ஒரு கூடுதலுக்கு நான் உத்தரவாதம். சீறிப்போகும் வாயுவை அடக்குவதால் உதையில் ஒரு நல்ல பங்கு குறைகிறது. குழலின் முனையில் கனம் சேர்வதால் ரைபிள் நிலைத்து நிற்கிறது. உங்கள் காதும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மச்சானின் காதும் பிழைக்கின்றன. உதையைக் குறைக்கக் குழல் முனையில் 'மஸில் பிரேக்' போடலாம் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். உதை குறையும், உண்மை. ஆனால் வெடியைப் பக்கவாட்டில் திருப்பி அடிப்பதால், காதுமூடி இல்லாமல் பக்கத்தில் இருக்கிறவன் இரண்டு நாளைக்கு வண்டு ரீங்காரம் கேட்டுக்கொண்டிருப்பான்.

இப்போது தோட்டா. இதில்தான் உங்களோடு எனக்குப் பெரிய சண்டை. 1952இல் வின்செஸ்டர் கம்பெனி தன் பேர்போன மாடல் 70 ரைபிளை இளைக்க வைத்து 'ஃபெதர்வெயிட்' என்று விட்டபோது, அதே வருடம் .308 என்ற குட்டைத் தோட்டாவையும் விட்டது. இரண்டும் ஜோடியாக வந்தவை. அதற்கும் முன்னால், சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைபிளும் .275 என்ற மென்மையான தோட்டாவுக்குச் செய்த இலேசான துப்பாக்கிதான். ரைபிளை இளைக்க வைத்தால் தோட்டாவையும் இறக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். இலேசான உடம்பில் பெரிய மேக்னத்தைச் சொருகுவது பின்னால் வந்த வியாபார ஆசை.

கைமனாவாவில் நீங்கள் தேடப்போவது பெரும்பாலும் சிக்கா. 1905இல் கொண்டுவந்து விட்டது, ஏப்ரலில்தான் ஆண்மான்கள் கூப்பிடும் காலம். ஆண் 80 கிலோ வந்தால் பெரிசு. காட்டுக்குள் நூறு மீட்டருக்குள் சுடுவீர்கள், திறந்த சரிவில் இருநூறு, முந்நூறு. இதற்கு .300 மேக்னம் என்பது கோழிக்குஞ்சுக்குக் கோடரி. .243 வின்செஸ்டரை 2.7 கிலோ ரைபிளில் போட்டால் உதை எவ்வளவு தெரியுமா? 18 ஜூல். மச்சானுடைய 4 கிலோ .308க்கு அதே உதை. சிக்காவுக்கு .243 போதும். ஆனால் உங்கள் திட்டத்தில் சிவப்பு மானும் உண்டென்றால், அதில் ஆண் 150 கிலோகூட இருக்கும், .243இல் இடம் துளியும் தப்பக்கூடாது. உங்கள் இருவருக்கும் பொதுவாக 7 மில்லிமீட்டர்-08 அல்லது 6.5 கிரீட்மோர் தோட்டா என்பது என் தேர்வு. எனக்கென்று வாங்கினால் 7 மில்லிமீட்டர்-08. நியூசிலாந்துக்காரர்களுக்குப் பிடித்த தோட்டா, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

நடுவில் ஒரு சின்ன விஷயம், மனசில் வந்ததால் சொல்கிறேன். அதே வட தீவில், மனவாட்டுப் பக்கம், நம் காட்டு மிளா இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். அந்த மணலிலும் பைன் தோப்பிலும் முதன்முதலில் ஒரு மிளாவின் குளம்படியைப் பார்த்தபோது, தேக்காவில் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. சுட மனம் வரவில்லை, அது வேறு கதை.

ஆக, விலைக்கு வாங்கக்கூடிய ஒரு நடுவழி: டிக்கா டி3எக்ஸ் லைட் மாதிரி ஒன்று. வெறும் எடை 2.9 கிலோ பக்கம், பெயர்தான் லைட், ஆனால் அளவோடு இளைத்தது. 350 கிராம் ஸ்கோப், இலேசான வளையம், நான்கு தோட்டா போட்டால் மூன்றரைக்குள் வரும். சைலன்சரோடு 3.8. மூக்கைச் சுளிக்காதீர்கள். உங்கள் கடிதத்தின் கீழே முதுகுப்பையில் என்னென்ன போகும் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருந்தீர்களே, அதில் கேமராவும் இரண்டு லென்ஸும் சேர்த்து 2.6 கிலோ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரைபிளில் தொள்ளாயிரம் கிராமுக்காக மூன்று வாரம் மச்சானோடு சண்டை போட்டவர் பெரிய லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே! கைபேசியில் எடுத்தால் மான் கோபித்துக்கொள்ளாது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. ரைபிள் மச்சான் பேரில், அவன் வீட்டுப் பெட்டியில், அங்குள்ள பதிவேட்டில் இருக்கும். பாதிப் பணம் கொடுத்ததால் பாதி ரைபிள் உங்களுடையது என்று எண்ணாதீர்கள், அதை அன்பளிப்பாகவே நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அங்கே உரிமம் இல்லாத வரை மச்சானின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே சுடலாம். நேரடி என்றால் கையெட்டும் தூரத்தில், ரைபிளை அவன் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும்படி. அந்த நேரம் அவன் வேறொரு துப்பாக்கியைப் பிடித்திருக்கக் கூடாது. அதனால் இருவருக்கும் ஒரே ரைபிள் என்பது உங்களுக்குத் தோதாகவே அமைகிறது. அவன் தனியே ஒரு பக்கம், நீங்கள் தனியே ஒரு பக்கம் போக ஆசையென்றால் வருகையாளர் உரிமத்துக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். அரசாங்கக் காட்டில் சுட இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச்சீட்டு தனியாக வேண்டும், இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

அதுவரை சிங்கப்பூரில் என்ன செய்வது? கிளப் ஒன்றில் சேர்ந்து 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி பழகுங்கள். உதை இருக்காது, அதனால்தான் நல்லது. விசையை இழுத்த பிறகும் குறியிலேயே கண் இருக்கப் பழகிக்கொள்வீர்கள். முட்டியில் ஊன்றி, உட்கார்ந்து, நின்று என்று ஒவ்வொரு நிலையிலும் கேட்டுப் பழகுங்கள். வாரம் மூன்று நாள் உங்கள் புளோக்கின் படிக்கட்டில் பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் போட்டு மேல்மாடி வரை ஏறுங்கள். உச்சியில் மூச்சு வாங்கும்போது கையில் ஒரு தண்ணீர் போத்தலை நீட்டிப் பிடித்து, அதன் மூடி எவ்வளவு ஆடுகிறது, எத்தனை மூச்சில் அடங்குகிறது என்று எண்ணுங்கள். மலையில் சுடுவதற்கு முன் நீங்கள் காத்திருக்க வேண்டிய நேரம் அதுதான். தயவுசெய்து பொம்மைத் துப்பாக்கி எதையும் தூக்கிக்கொண்டு புக்கிட் தீமா ஏறாதீர்கள். போலீசுக்கு நீங்கள் பதில் சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க முடியாது.

ஹாமில்டன் போய் இறங்கியதும் மலைக்கு ஓடாதீர்கள். ஒரு நாள் முழுக்கச் சுடுதளம். முதலில் மச்சானுடைய பழைய 4 கிலோ ரைபிளில் பத்துக் குண்டு, பிறகு புதியதில் பத்து, நடுவில் அவன் உங்களுக்குத் தெரியாமல் இரண்டு பொய்த் தோட்டா போடட்டும். மூக்கு கீழே குத்தினால் அவன் சிரிக்கட்டும், நீங்களும் சிரியுங்கள். அன்றைக்கு எந்த ரைபிளில் உங்கள் ஐந்து குண்டுகளும் ஒரு தேநீர்க் கோப்பைக்குள் விழுகின்றனவோ, மலைக்கு அதையே எடுத்துப் போங்கள், அது பழைய .308ஆக இருந்தாலும்.

திரும்பி வரும்போது ஒரு காரியம். சுட்ட தோட்டாவின் காலி உறை பளபளவென்று அழகாக இருக்கும், நினைவுக்கு ஒன்றை ஜாக்கெட் பையில் போடத் தோன்றும். சாங்கியில் அது நினைவுப் பொருள் ஆகாது. ஜாக்கெட், பை, காலணி எல்லாவற்றையும் ஹாமில்டனிலேயே உதறிவிடுங்கள். சுடுதளத்திலிருந்து கிளம்பும்போது வரிசையில் நின்று, பைகளைத் திறந்து காட்டி, "தோட்டா இல்லை, காலி உறை இல்லை, சார்!" என்று கத்துவோமே, அதை மச்சானுக்கு எதிரே நின்று ஒருமுறை கத்திவிட்டு விமானம் ஏறுங்கள்.